வயர் மாறினால் பாகம் ஏன் எரிகிறது?

வெள்ளவத்தையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. மருமகன் தரம் பத்தில் படிக்கிறான். ஆர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் ஏற்றக்கூடிய சின்னக் கட்டுப்பாட்டுப் போர்ட் ஒன்றில் சின்ன ஓ.எல்.ஈ.டி திரை பூட்டி, அறையின் வெப்பநிலையைக் காட்டும் கருவி செய்திருந்தான். இரண்டு கிழமை நன்றாக ஓடியது. ஒருநாள் திரை கீழே விழுந்து கண்ணாடி வெடித்துவிட்டது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தான். அதே அளவு, அதே நீலப் பலகை, அதே நாலு ஊசிகள். பிரெட்போர்ட் என்ற துளைப் பலகையில் பழையது இருந்த அதே நாலு துளைகளில் குத்தி யு.எஸ்.பி வயரைச் செருகினான்.

திரை ஒளிரவில்லை. புரோகிராமில் பிழை என்று நினைத்து அதைத் திரும்ப ஏற்றினான். அரை நிமிடம் போயிருக்கும். "மாமா, இது சுடுது" என்று விரலை எடுத்தான். நான் வயரைப் பிடுங்கினேன், ஆனால் அதற்குள் காரியம் முடிந்திருந்தது.

இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊசிகளுக்கு மேலே இருந்த பொடி எழுத்தைப் பார்த்தோம். பழையதில் முதல் ஊசி ஜி.என்.டி (மைனஸ்), இரண்டாவது வி.சி.சி (பிளஸ்). புதியதில் முதல் ஊசி வி.சி.சி, இரண்டாவது ஜி.என்.டி. மற்ற இரண்டும் ஒன்றுதான். அதாவது பிளஸ் போக வேண்டிய இடத்துக்கு மைனஸும், மைனஸ் போக வேண்டிய இடத்துக்குப் பிளஸும் போயிருக்கிறது. கடைக்காரர் தந்த சாமானில் குறை இல்லை. இந்த வகைத் திரைகள் இரண்டு ஊசி வரிசையிலும் சந்தையில் கிடைக்கின்றன.

"கரண்ட் மாறிப் போனா வேலை செய்யாம இருக்கலாம், சரி. ஏன் மாமா எரியணும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. புதிதாக இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு சொல். விஞ்ஞானப் பாடத்தில் தடையி, கொள்ளளவி, இருவாயி, ஒளிகாலும் இருவாயி என்று படிக்கிறோம். புறக்கோட்டையில் கடைக்கு முன்னால் நின்று கேட்கும்போது அவை ரெசிஸ்டர், கெபாசிட்டர், டயோட், எல்.ஈ.டி. இரண்டு பெயரும் தெரிந்திருப்பது நல்லது. இங்கே கடைப் பெயர்களையே எழுதுகிறேன்.

திசை தெரிந்த பாகமும் தெரியாத பாகமும்

ஒரு ரெசிஸ்டரை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அதற்குக் கவலையில்லை. இழை உள்ள டோர்ச் பல்பும் அப்படித்தான். டயோட் அப்படியல்ல. அது சைக்கிள் டியூப் வால்வு மாதிரி, ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. எல்.ஈ.டி, ட்ரான்சிஸ்டர், ஐசி (பல ட்ரான்சிஸ்டர்களை ஒன்றாக அடக்கிய சிப்) எல்லாமே சிலிக்கன் போன்ற குறைகடத்திகளால் ஆனவை. அவற்றுக்குள் இப்படிப்பட்ட ஒருவழிச் சந்திகள் நிறைய இருக்கின்றன.

ஐசிக்குள் இருக்கும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் மருமகனின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஐசியைச் செய்யும் முறையாலேயே அதன் மைனஸ் ஊசிக்கும் பிளஸ் ஊசிக்கும் இடையே டயோட் போன்ற பாதைகள் உருவாகிவிடுகின்றன. பிளஸும் மைனஸும் சரியாக இருக்கும்வரை அவை மூடியே கிடக்கும். அவை இருப்பதே தெரியாது. மின்சாரத்தைத் தலைகீழாகக் கொடுத்தால் அவ்வளவும் ஒன்றாகத் திறந்துகொள்ளும். திறந்த டயோட்டுக்குக் கிட்டத்தட்ட 0.7 வோல்ட் போதும். நாம் கொடுத்திருப்பதோ 5 வோல்ட். நடுவில் தடுக்க ஒன்றுமில்லை. அப்போது எவ்வளவு மின்னோட்டம் போகும் என்பதை அந்தப் பாகம் தீர்மானிப்பதில்லை. மின்சாரம் வரும் இடத்தால் எவ்வளவு தர முடியுமோ அவ்வளவும் அதற்குள் போகும்.

மின்னோட்டம் போகும் இடத்தில் சூடு வரும். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட். ஒன்றிரண்டு வாட் என்றால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தச் சூடு இறங்கும் சிலிக்கன் துண்டு அரிசியில் பாதி அளவுகூட இருக்காது. அதிலிருந்து ஊசிக்குப் போகும் உள்கம்பி தலைமயிரை விட மெல்லியது. பொதுவாகச் சிலிக்கன் பாகங்களுக்கு உள்ளே 150 பாகை செல்சியஸ் வரைதான் எல்லை. அதைத் தாண்டினால் சந்திகள் கெடும், உலோகம் உருகும், கம்பி அறும். நமக்கு வரும் அந்த எரிந்த மணம் பெரும்பாலும் பாகத்தை மூடியிருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் வேகும் மணம்.

"ஊனோ போர்ட்டில் ஃபியூஸ் இருக்குதே?" என்று அடுத்துக் கேட்டான். இருக்கிறது. யு.எஸ்.பி வழியில் 500 மில்லி அம்பியருக்கு, தானாக மீளும் ஃபியூஸ் ஒன்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அது சூடாகித்தான் வழியை அடைக்கும். அதற்கு நேரம் எடுக்கும், சில வேளை பல விநாடிகள். அது கணினியின் யு.எஸ்.பி துவாரத்தைக் காப்பாற்றப் போட்டது. முன்னால் பூட்டியிருக்கும் சின்னத் திரையை அது காப்பாற்றாது. பலரும் இதை நம்பி ஏமாறுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எல்.ஈ.டியும் ஒரு ரெசிஸ்டரும்

சரியான பக்கம் பூட்டினாலும் பாகம் எரியலாம். எல்.ஈ.டி அதற்கு நல்ல உதாரணம். சிவப்பு எல்.ஈ.டிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டுக்குக் கிட்ட. அந்த அளவு வரும்வரை அதற்குள் ஏறக்குறைய ஒன்றுமே ஓடாது. வந்த பிறகு வோல்ட் கொஞ்சம் ஏறினாலே மின்னோட்டம் மடங்கு மடங்காக ஏறும். அதனால் 5 வோல்ட்டை நேரே கொடுத்தால், ஒரு விநாடி கண் கூசும் வெளிச்சம் வரும், பிறகு இருட்டு.

ரெசிஸ்டர் எதற்கு என்பது இங்கேதான் விளங்கும். 5 வோல்ட்டில் 2 வோல்ட்டை எல்.ஈ.டி எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 3 வோல்ட். எல்.ஈ.டியில் 15 மில்லி அம்பியர் ஓடினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். 3ஐ 0.015ஆல் வகுத்தால் 200 ஓம். கடையில் 220 ஓம் கிடைக்கும், அதைப் போடலாம். சிவப்பு, சிவப்பு, மண்ணிறம் என்று மூன்று நிறக் கோடுகள், அப்புறம் தள்ளி ஒரு தங்க நிறக் கோடு.

எல்.ஈ.டியின் நீளக் கால் பிளஸ். காலை வெட்டிவிட்டீர்கள் என்றால் அடி விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள், வட்டம் ஒரு பக்கம் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் மைனஸ். எல்.ஈ.டியைத் திருப்பிப் போட்டால் பொதுவாக 5 வோல்ட் வரை தாங்கும், எரியாமல் இருட்டாக இருக்கும். அதனால் ஆர்டுயினோவில் எல்.ஈ.டி மாறிப்போவது பெரிய சேதமில்லை, திருப்பிப் போட்டால் சரி. ரெசிஸ்டர் இல்லாமல் போடுவதுதான் சேதம். அதில் ஊனோவின் ஊசியும் சேர்ந்து அடிபடும். அதில் இருக்கும் ஏ.டி.மெகா 328 சிப்பின் ஓர் ஊசிக்கு உச்ச எல்லை 40 மில்லி அம்பியர், வழக்கமாக 20க்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

கோடு எந்தப் பக்கம்

கெபாசிட்டரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கண் போகலாம். சின்னத் தகர டின் மாதிரி இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குள்ளே அலுமினியத் தாள் சுருட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தாளின் மேல் மிக மெல்லிய அலுமினிய ஒக்சைட்டுப் படலம் ஒன்று உண்டு, அதுதான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. திருப்பிப் பூட்டினால் அந்தப் படலம் சிதைகிறது. மின்னோட்டம் உள்ளே பாய்கிறது, உள்ளே இருக்கும் திரவம் சூடாகி வாயுவாகிறது. டின்னின் தலையில் சிலுவை மாதிரிக் கீறியிருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். அழுத்தம் கூடினால் அந்தக் கீறல் வழியே திறந்துகொள்ளட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். சில நேரம் மெதுவாக உப்பும், சில நேரம் படார் என்று வெடிக்கும். அதனால் புதிதாகப் பூட்டிய சர்க்யூட்டுக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது முகத்தை அதற்கு மேலே வைத்துக் குனிந்து பார்க்காதீர்கள். கண்ணாடி போடுங்கள், பிள்ளைகளுக்கும் போட்டுவிடுங்கள்.

இந்த டின்னின் பக்கவாட்டில் ஓடும் பட்டையான கோடு மைனஸ் காலைக் காட்டுகிறது. இதை மனதில் பதித்துக்கொண்டு, பலகையில் ஒட்டும் மஞ்சள் நிறச் சதுர டான்டலம் கெபாசிட்டரை எடுத்தால் அதிலும் ஒரு கோடு இருக்கும். ஆனால் அதில் கோடு இருக்கும் பக்கம் பிளஸ்! வேலை தெரிந்தவர்களே இதில் பிழை விடுவதுண்டு. டான்டலம் தலைகீழானால் தீப்பற்றியும் எரியும். டயோட்டில் வெள்ளிக் கோடு இருப்பது கதோட், அதாவது மின்னோட்டம் வெளியே வரும் பக்கம். ஆக, "கோடு என்றால் மைனஸ்" என்று ஒரே விதியாக மனப்பாடம் செய்ய முடியாது. ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் தரவுத்தாளை (டேட்டாஷீட்) தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உருவம் ஒன்று, கால் வேறு

புறக்கோட்டையில் கேட்ட சாமான் இல்லாவிட்டால் அதற்கு ஈடானதை எடுத்துத் தருவார்கள். "பி.சி. 547 முடிஞ்சுது, இதப் போடுங்க, வேல செய்யும்" என்று நானா 2 என் 3904 ட்ரான்சிஸ்டரைத் தருவார். அவர் சொல்வது சரி, பல இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றது வேலை செய்யும். ஆனால் எழுத்து இருக்கும் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், 547க்கு மூன்று கால்களும் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 3904க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. பழைய துளைகளில் அப்படியே குத்தினால் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறிவிடும். எமிட்டருக்கும் பேஸுக்கும் இடையே இவை திருப்பித் தாங்கும் எல்லை 6 வோல்ட்தான். 12 வோல்ட் சர்க்யூட்டில் அது போதாது.

வோல்ட்டை நிலைப்படுத்தும் ரெகுலேட்டர்களும் இப்படித்தான். 7805, 7905, எல்.எம். 317 மூன்றும் உருவத்தில் ஒன்று, மூன்று கால், முதுகில் உலோகத் தகடு. 7805இல் எழுத்தைப் பார்த்தபடி இடமிருந்து உள்ளே வருவது, மைனஸ், வெளியே போவது. 7905இல் ஜி.என்.டி முதலில், உள்ளே வருவது நடுவில். 317இல் சரிசெய்யும் கால் முதலில், வெளியே போவது நடுவில், உள்ளே வருவது கடைசியில். ஒன்று இருந்த இடத்தில் மற்றதைப் பூட்டினால் பின்னால் இருக்கும் எல்லாவற்றுக்கும் முழு 12 வோல்ட்டும் போய்ச்சேரலாம்.

இதுதான் எரிவதற்கு இரண்டாவது வழி. மாறிப் பூட்டாவிட்டாலும், பாகம் தாங்கும் வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய காப்புப் படலங்கள் துளைபடும். ஏ.டி.மெகா 328க்கு உச்சம் 6 வோல்ட். ஊனோவில் வின் என்ற ஊசியில் 12 வோல்ட் கொடுக்கலாம், அங்கே ரெகுலேட்டர் நிற்கிறது. அதே வரிசையில் இருக்கும் 5 வோல்ட் ஊசியில் 12 கொடுத்தால் ரெகுலேட்டரைச் சுற்றிக்கொண்டு நேரே சிப்புக்குப் போகும், யு.எஸ்.பியில் தொடுத்திருக்கும் கணினிக்கும் ஆபத்து. ஈ.எஸ்.பி 32, ராஸ்பெரி பை ஆகிய போர்ட்கள் இரண்டின் சமிக்ஞை ஊசிகளும் 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. தூரம் அளக்கும் எச்.சி.எஸ்.ஆர். 04 சென்சாரின் எதிரொலி ஊசியிலிருந்து வருவது 5 வோல்ட், அதை நேரே ராஸ்பெரி பையில் பூட்டக்கூடாது. சென்சாரிலிருந்து வரும் வயரில் 1,000 ஓம் ஒன்று, அதற்கு அப்பால் மைனஸுக்கு 2,000 ஓம் ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் 3.3 வோல்ட் கிடைக்கும், அங்கிருந்து எடுங்கள்.

வீட்டு லாச்சியில் கிடக்கும் பழைய ரவுட்டர் அடாப்டர்களும் ஆபத்தானவை. 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் எல்லாவற்றுக்கும் முனை ஒரே மாதிரி இருக்கும். முதுகில் வட்டமும் புள்ளியுமாக ஒரு படம் போட்டிருப்பார்கள், நடுவில் பிளஸா மைனஸா என்று அது சொல்லும். பெரும்பாலும் நடுவில் பிளஸ். ஆனாலும் பல்மானியால் (மல்டிமீட்டர்) அளந்து, ஒரு துண்டுப் பிளாஸ்டரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அந்த அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல்மானியின் சிவப்பு வயர் 10 அம்பியர் துவாரத்தில் கிடக்கும்போது, வோல்ட் பார்க்கிறோம் என்று நினைத்துப் பிளஸிலும் மைனஸிலும் வைத்தால் அது வெறும் கம்பியால் இரண்டையும் தொடுத்ததற்குச் சமம். லித்தியம் மின்கலத்தில் இப்படி நடந்தால் தீப்பிடிக்கலாம். அம்பியர் அளந்து முடிந்ததும் சிவப்பு வயரைத் திரும்ப வோல்ட் துவாரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும்.

முச்சக்கரவண்டி பல்ப்

சரி, மனிதர் பிழை விடத்தான் செய்வார்கள். பிழை விட்டாலும் பாகம் தப்ப வேண்டும் என்றால் மின்சாரம் வரும் வழியில் ஒரு தடை இருக்க வேண்டும். மின்னோட்டத்துக்கு எல்லை வைக்கும் வசதியுள்ள பவர் சப்ளை வாங்க முடிந்தால் வாங்குங்கள், அதைவிட நல்லது இல்லை. முடியாவிட்டால் பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை எதிலும் கிடைக்கும் 12 வோல்ட், 5 வாட் பல்ப் ஒன்று போதும். முச்சக்கரவண்டிக்குப் போடுகிறார்களே, அந்தச் சின்ன பல்ப். இழை உள்ளதாகக் கேளுங்கள், எல்.ஈ.டி பல்ப் இதற்கு உதவாது.

12 வோல்ட் அடாப்டரின் பிளஸ் வயரை வெட்டி, நடுவில் இந்த பல்பைத் தொடுங்கள். மின்சாரம் பல்புக்குள்ளால் போய்த்தான் சர்க்யூட்டுக்கு வரவேண்டும். சர்க்யூட் ஒழுங்காக இருந்து கொஞ்ச மின்னோட்டம் மட்டும் எடுத்தால் இழை குளிராகவே இருக்கும். குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், ஆகவே அது வழியில் நிற்பதே தெரியாது. எங்காவது பிளஸும் மைனஸும் நேரே தொட்டுக்கொண்டால் பல்ப் பளிச்சென்று எரியும். அப்போது போகும் மின்னோட்டம், இழை சூடானதும் 0.4 அம்பியரைச் சுற்றி நின்றுவிடும். 2 அம்பியர் அடாப்டரின் முழுப் பலமும் பாய்வதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். 0.4 அம்பியரே ஒரு சின்னச் சிப்பைக் கொல்லலாம்தான். ஆனால் பல்ப் எரிவதைக் கண்ட அந்தக் கணமே பிடுங்கலாம். மருமகனின் திரை சுட்டது அரை நிமிடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வெளிச்சம் என்றால் உடனே தெரிந்திருக்கும்.

5 வோல்ட் வேலைகளுக்கு இந்த பல்ப் அவ்வளவு பொருந்தாது. அங்கே நான் வேறு ஒழுங்கு வைத்திருக்கிறேன். வயரை மாற்றும்போது யு.எஸ்.பி கழற்றியே இருக்க வேண்டும். எல்லாம் பூட்டி முடிந்ததும், மின்சாரம் கொடுக்காமல், பல்மானியின் சத்தம் போடும் நிலையில் வைத்து 5 வோல்ட்டையும் ஜி.என்.டியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கீச்சென்று தொடர்ந்து சத்தம் வந்தால் எங்கோ இரண்டும் ஒட்டியிருக்கிறது. சத்தமில்லை என்றால் விலையான பாகத்தை மட்டும் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்து, அந்தப் பாகம் உட்காரப்போகும் துளைகளில் வோல்ட்டை அளக்க வேண்டும். கறுப்பு முனையை ஜி.என்.டி என்று எழுதியிருக்கும் ஊசி போகப்போகும் துளையில் வையுங்கள், சிவப்பை வி.சி.சி துளையில். 5க்குப் பதிலாகக் கழித்தல் 5 காட்டினால் மாறியிருக்கிறது. பிடுங்கி, மாற்றி, திரும்ப அளந்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் பாகத்தைக் குத்த வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

230 வோல்ட் சுவர் மின்சாரத்தை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிரெட்போர்ட் அதற்குச் செய்ததல்ல, அங்கே பிழை விட்டால் போவது உயிர்.

எரிந்த பிறகு

மணம் வந்தாலோ சுட்டாலோ முதல் வேலை மின்சாரத்தைப் பிடுங்குவது. எது சுடுகிறது என்று தேடுவது அதற்குப் பிறகு. ஆறிய பின் ஒவ்வொன்றாகக் கழற்றி, உப்பியிருக்கிறதா, மேலே பொட்டு மாதிரி வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். முழுதாகச் செத்த பாகம் ஒரு விதத்தில் நல்லது, செத்துவிட்டது என்று தெரியும். பாதி செத்ததுதான் நாட்கணக்கில் நேரத்தைத் தின்னும். ஓர் ஊசி மட்டும் போன போர்ட், சூடானால் மட்டும் நின்றுபோகும் ரெகுலேட்டர், இப்படி. சந்தேகமான பாகத்தைத் திரும்ப நல்ல பாகங்களின் பெட்டிக்குள் போடாதீர்கள்.

அன்று திரையைக் கழற்றிவிட்டு ஊனோவை மட்டும் தொடுத்தோம். 5 வோல்ட் ஊசியில் 4.98 காட்டியது. 220 ஓம் ரெசிஸ்டரோடு ஓர் எல்.ஈ.டியை எடுத்து, ஒவ்வோர் ஊசியாக ஒளிரவைத்துப் பார்த்தான். திரைக்குப் போன ஏ 4, ஏ 5 இரண்டையும் இரண்டு தடவை பார்த்தான். எல்லாம் ஒளிர்ந்தது. போர்ட் தப்பியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு திரை வாங்கி வந்தான். மேசையில் வைத்து, எழுத்தை வாய்விட்டு வாசித்தான். "ஜி.என்.டி, வி.சி.சி, எஸ்.சி.எல், எஸ்.டி.ஏ." பிறகு அக்காவின் சிவப்பு நகப்பூச்சுக் குப்பியைக் கேட்டு வாங்கி, வி.சி.சி ஊசிக்கு நேரே பலகையில் ஒரு பொட்டு வைத்தான். அது காயும்வரை காத்திருந்துவிட்டு மீட்டரை எடுத்தான்.